கடலைமிட்டாயும் ஒரு கிண்ணம் தண்ணீரும்



வெளியூர் போய்த் திரும்பும் அப்பாவின் பையில் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்? தின்பண்டப் பொட்டலத்தைத்தானே! திருநெல்வேலி என்றால் அல்வா. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. மணப்பாறை என்றால் முறுக்கு. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே நாக்கில் நீர் ஊறுகிறது அல்லவா?

பொட்டலம் காலியானதும், "இதை நம் வீட்டிலேயே செய்ய முடியாதா அம்மா?" என்று கேட்டிருப்பீர்கள். முடியும். இந்த நான்கில் வீட்டில் செய்ய எளிதானது கடலைமிட்டாய்தான். ஆனால், அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு.

பெயருக்கும் பாதுகாப்பு

கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் கரிசல் மண் நிறைந்த பகுதியில் இருக்கிறது. அங்கே சிறு சிறு தயாரிப்பாளர்கள் பலர் கடலைமிட்டாய் செய்து பிழைக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு அந்த மிட்டாய்க்குப் 'புவிசார் குறியீடு' கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019லும், மணப்பாறை முறுக்குக்கு 2023லும் கிடைத்தது. இந்தியா முழுவதற்கும் இந்தக் குறியீட்டை வழங்கும் அலுவலகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

குறியீடு கிடைத்தால் என்ன பயன்? வேறு எங்கோ செய்த மிட்டாயை, 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று பெயர் போட்டு யாரும் விற்கக் கூடாது. அப்படி விற்றால், அந்த ஊர்த் தொழிலாளர்களின் பிழைப்பு கெடும் அல்லவா? நாம் வீட்டில் செய்து சாப்பிட எந்தத் தடையும் இல்லை. அது 'நம் வீட்டுக் கடலைமிட்டாய்'!

என்னென்ன வேண்டும்?

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 250 கிராம், பொடித்த பாகு வெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளர், ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி, தட்டில் தடவச் சிறிது நெய். இவ்வளவுதான்.

கடலையை உடைத்துத் தோலை ஊதித் தள்ளுவது உங்கள் வேலை. தட்டில் நெய் தடவுவதும் உங்கள் வேலை. அடுப்பு வேலை முழுவதும் பெரியவர்களுடையது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும்.

கிண்ணம் சொல்லும் பதம்

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பாகில் ஒரு சொட்டை அதில் விடச் சொல்லுங்கள்.

சொட்டு கரைந்துவிட்டால், இன்னும் பதம் வரவில்லை.

விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாக வந்தால், அது அதிரசத்துக்கு ஏற்ற பதம். இதில் கடலையைப் போட்டால் மிட்டாய் பல்லில் ஒட்டும்.

சொட்டு இறுகி, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்டால், அதுதான் கடலைமிட்டாய்ப் பதம்! உடனே அடுப்பை அணைத்து, ஏலப்பொடியும் கடலையும் சேர்த்துக் கிளறி, தட்டில் கொட்டி, நெய் தடவிய பூரிக்கட்டையால் சமப்படுத்த வேண்டும். சூடு ஆறும் முன்பே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். ஆறிவிட்டால் கண்டபடி உடையும்.

ஏன் இப்படி?

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். பாகு அப்படி நிற்பதில்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது, இனிப்பின் அளவு கூடுகிறது, சூடும் ஏறுகிறது. சர்க்கரைப் பாகு மெத்தென்று உருளும்போது அதன் சூடு ஏறத்தாழ 115 டிகிரி. நொறுங்கும் பதத்தில் ஏறத்தாழ 150 டிகிரி! தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு இறுகும். நம் பாட்டிமார் வெப்பமானி வைத்துக்கொண்டா சமைத்தார்கள்? அந்தக் கிண்ணத் தண்ணீர்தான் அவர்களுடைய வெப்பமானி.

செய்த மிட்டாயை ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்து வைத்த மிட்டாய் பிசுபிசுப்பது இதனால்தான்.

கவனம் தேவை!

கொதிக்கும் பாகு, கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, பற்பசை எதையும் தடவாதீர்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேர்க்கடலை சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நண்பர்களுக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி, தங்கைக்குக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

உங்கள் ஊரிலும் பெயர் பெற்ற தின்பண்டம் ஒன்று இருக்கும். அதை வீட்டில் செய்யத் தெரிந்த பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டு ஆச்சியோ இருப்பார்கள். அவர்களிடம் "எவ்வளவு போட வேண்டும்?" என்று கேட்டால், "கையால் ஒரு பிடி, கண்ணால் ஒரு அளவு" என்பார்கள். அந்தப் பிடி எத்தனை கிராம், அந்தப் பதம் எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பல வீடுகளில் இந்தச் செய்முறைகள் எழுதப்படவே இல்லை. செய்தவர்கள் போன பிறகு கேட்க ஆள் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாமே! நோட்டின் முதல் பக்கத்தில், யார் சொன்னார்களோ அவர்கள் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.