டிவிடெண்ட் வருமானம்: பல்லடத்துக்காரங்க முட்டைக்கோழி வளர்க்கலாமா?

தூங்கும்போதும் மாசம் 10,000 ரூபாய் டிவிடெண்ட் வரும்னு சொல்ற ரீல்ஸ் உங்க போனுக்கும் வந்திருக்கும். பல்லடம், சோமனூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாவே பிடிக்கும். வீட்டில் தறி ஓடினாத்தான் கூலி. கறிக்கோழிப் பண்ணைன்னா, ஒரு பேட்ச் கோழி வளர்ந்து வண்டி ஏறினாத்தான் வளர்ப்புக் கூலி. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரங்க வேலைநிறுத்தத்தில் இறங்கினப்ப, வாரக்கணக்கில் தறிச் சத்தம் அடங்கிக் கிடந்தது. இப்படிப்பட்ட ஊரில், தறி நின்னாலும் நிற்காத வருமானம் ஒண்ணு வேணும்னு ஆசைப்படறது நியாயம்தானுங்க. ஆனா கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டு ஆசைப்படுங்க.

நம்ம ஊர் பாஷையில் சொன்னா, வேகமா வளர்ற கம்பெனியின் பங்கு பல்லடம் கறிக்கோழி மாதிரி. எடை போடும், வித்தாத்தான் காசு. டிவிடெண்ட் பங்கு நாமக்கல் முட்டைக்கோழி. கோழியை விற்காமலே முட்டையை எடுத்துக்கலாம். கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கைப் பங்குதாரர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்குறதுதான் டிவிடெண்ட், அதாவது ஈவுத்தொகை. கொடுத்தே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லை. ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியோ கடை வாடகையோ இல்லை இது. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், அந்த வருஷ லாபத்தில் இருந்து டிவிடெண்ட் தரக் கூடாதுன்னு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியே தடை போட்டது. வங்கிப் பங்குகளை மட்டும் நம்பி இருந்தவங்களுக்கு அந்த வருஷம் முட்டை இல்லை.

சரி, மாசம் 10,000 வேணும்னா எவ்வளவு முதல் வேணும்? வருஷத்துக்கு 1.2 லட்சம். போட்ட பணத்துக்கு 3% டிவிடெண்ட் கிடைச்சா 40 லட்சம் வேணும். நிஃப்டி 50 கம்பெனிகளின் சராசரி டிவிடெண்ட் சமீப வருஷங்களில் 1.3 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கு. அந்தக் கணக்கில் 90 லட்சத்துக்கு மேல்! மாசம் 5,000 ரூபாய் போட்டு வந்தா, ஒரு வருஷம் கழிச்சு உங்க முதல் 60,000. அதுக்கு 3% டிவிடெண்ட்னா வருஷத்துக்கு 1,800 ரூபாய். மாசத்துக்கு 150. போன் ரீசார்ஜுக்கே பத்தாது. அதனால ஆரம்ப வருஷங்களில் வர்ற டிவிடெண்டை எடுத்துச் செலவு பண்ணாம, அதிலேயே மறுபடி பங்கு வாங்கிப் போடறதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து, 200% டிவிடெண்ட்னு தலைப்புச் செய்தி பார்த்தா மயங்கிடாதீங்க. அது முக மதிப்பில் 200%, சந்தை விலையில் இல்லை. நம்ம கோயம்புத்தூர் எல்ஜி எக்யூப்மென்ட்ஸையே எடுத்துக்குங்க. ஏர் கம்ப்ரஸர் செய்யுற நல்ல கம்பெனி. முக மதிப்பு 1 ரூபாய். 2023-24-க்கு அறிவிச்ச டிவிடெண்ட் 2 ரூபாய், அதாவது 200%. ஆனா 2024-ல் டிவிடெண்ட் கொடுத்த சமயத்தில் பங்கு 600 ரூபாய்க்கு மேல வித்துச்சு. நீங்க போட்ட பணத்துக்கு அரை சதவிகிதம்கூட வராது. கம்பெனி மேல குறை இல்லை. அது கறிக்கோழி, அதுகிட்ட முட்டை கேட்கக் கூடாது.

நேர் எதிர் ஆபத்தும் உண்டு. வேதாந்தா 2022-23-ல் ஒரு பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் கொடுத்தது. ஆனா அந்த நிதியாண்டின் தொடக்கத்தில் 400 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு, முடியும்போது 300-க்குக் கீழே வந்துடுச்சு. ஒரு கையில் வந்தது இன்னொரு கையில் போச்சு. அடுத்த வருஷ டிவிடெண்ட் 29.50 ரூபாய்தான். பழைய டிவிடெண்டை இன்னைக்கு இறங்கிப்போன விலையால வகுத்து, 'அடேயப்பா, 30%'னு ஆப் காட்டும்போது உஷாரா இருங்க. இதோட ஐடிசி-யை வெச்சுப் பாருங்க. 2022-23-ல் சிறப்பு டிவிடெண்டும் சேர்த்து 15.50 ரூபாய், அடுத்த வருஷம் 13.75, அதுக்கடுத்து 14.35. ஏற்ற இறக்கம் இருக்கு, ஆனா பெரிய அதிர்ச்சி இல்லை. இது வாங்கச் சொல்ற பரிந்துரை இல்லைங்க, பார்க்க வேண்டிய முறை. பத்து வருஷ டிவிடெண்ட் வரலாறு, லாபத்தில் எத்தனை பங்கைக் கொடுக்குது, கடன் எவ்வளவு. இந்த மூணையும் பார்த்தாலே பாதிக் குப்பை கழிஞ்சுடும்.

இப்ப நம்ம ஊருக்கே உரிய விஷயம். தெரிஞ்ச தொழில்ல போடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. பல்லடத்துக்காரருக்குத் தெரிஞ்சது நூலும் துணியும் கோழியும். என் கருத்து, இங்கே அந்த யோசனை பாதிதான் சரி. நூல் விலை ஏறி உங்க வீட்டுத் தறி நிற்கிற அதே மாசத்தில், ஜவுளி கம்பெனியின் லாபமும் அடி வாங்கலாம். தீவன விலை ஏறினா கோழிக் கம்பெனிக்கும் அதே கதை. வீட்டு வருமானமும் டிவிடெண்டும் ஒரே நேரத்தில் படுத்துக்கிட்டா, இந்த ரெண்டாவது வருமானம் எதுக்கு? மின்சாரம், மென்பொருள், நுகர்பொருள், வங்கின்னு உங்க தெருவோட சம்பந்தமே இல்லாத துறைகள்ல எட்டு, பத்து கம்பெனி போதும். தனித்தனியாப் பார்க்க நேரம் இல்லைன்னா இண்டெக்ஸ் ஃபண்டே மேல்.

இந்தப் பணம் சம்பளம் மாதிரி 1-ம் தேதி வராது. பல கம்பெனிகளின் இறுதி டிவிடெண்ட், ஆண்டுக் கூட்டம் நடக்கிற ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில்தான் கைக்கு வரும். இதை நம்பி பைக் இஎம்ஐ போட்டுடாதீங்க. டிவிடெண்டுக்கு ஒருநாள் முன்னாடி வாங்கி மறுநாள் வித்துடலாம்னு கணக்குப் போடறவங்களும் உண்டு. எக்ஸ் டேட் அன்னிக்குப் பங்கு விலை ஏறக்குறைய அந்தத் தொகை அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். கூடவே வரியும் இருக்கு. 2020 ஏப்ரலில் இருந்து டிவிடெண்ட் உங்க வருமானத்தோட சேர்ந்து, உங்க வரம்புப்படி வரிக்கு உள்ளாகுது. ஒரே கம்பெனியில் இருந்து ஒரு நிதியாண்டில் 10,000 ரூபாயைத் தாண்டினா 10% டிடிஎஸ் பிடிப்பாங்க. 2025 ஏப்ரலுக்கு முன்னாடி இந்த வரம்பு 5,000. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லைன்னா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணி அதைத் திரும்ப வாங்கிக்கலாம்.

டீமேட் கணக்கில் வங்கி விவரமும் நாமினியும் சரியா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஏழு வருஷம் தொடர்ந்து கேட்காம விட்ட டிவிடெண்டும், அந்தப் பங்குகளும் ஐஇபிஎஃப் எனும் அரசு நிதிக்குப் போயிடும். அப்பாவோ அப்பாருவோ வாங்கி பீரோவில் வெச்ச பழைய பங்குப் பத்திரம் ஏதாவது இருந்தா, ஐஇபிஎஃப் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்க. தேடக் காசு கிடையாது. இருந்தா, அதை உரிமை கோரித் திரும்ப வாங்கவும் வழி இருக்கு.