கடலுக்கு அடியில் ஒரு லிஃப்ட்!

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்பது சகஜம். நடுவில் கடலே குறுக்கிட்டால்?

இங்கிலாந்தையும் பிரான்ஸையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாய், டோவர் அருகே சுமார் 33 கிலோமீட்டராகக் குறுகுகிறது. முதுகில் பையோடு ஐரோப்பாவைச் சுற்றும் இளைஞர்கள் சிலர், இதையும் லிஃப்ட் கேட்டே கடக்கிறார்கள்!

வழிகள் இரண்டு. டோவரிலிருந்து கலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேர ஃபெர்ரி. அல்லது, ஃபோக்ஸ்டன் நகரிலிருந்து 35 நிமிடங்களில் கடலுக்கு அடியில் போய்ச்சேரும் கார் ரயில். ராணி எலிசபெத்தும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் 1994 மே 6-ம் தேதி திறந்துவைத்த அந்தச் சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில்!

இந்தக் கார் ரயிலில் நடந்துபோய் ஏற முடியாது. காரை ரயிலுக்குள் ஓட்டி நிறுத்திவிட்டு, காரோடுதான் பயணிக்க வேண்டும். ஆனால், கட்டணம் காருக்குத்தான், தலைக்கு அல்ல. ஒன்பது பேர் வரை போகலாம். பின்சீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டால் காரின் சொந்தக்காரருக்குக் கூடுதலாகப் பைசா செலவில்லை.

அப்படியும் பல கார்கள் நிற்பதில்லை. காரணம், பயம். வண்டியில் ஒளிந்து பிரிட்டனுக்குள் நுழைபவர் பிடிபட்டால், ஆளுக்கு 10,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். பாஸ்போர்ட்டைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து வருபவருக்கு இது பொருந்தாதுதான். ஆனால், முன்பின் தெரியாதவரின் பைக்குள் என்ன இருக்கிறதோ? போதைப்பொருள் சிக்கினால், ஏற்றிக்கொண்டவரும் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தயக்கத்தைத் தப்பு சொல்ல முடியாது.

அதனால், கேட்பவர்தான் முதலில் நம்பிக்கை கொடுக்க வேண்டும். கையில் பாஸ்போர்ட்டோடு போய், ‘பையைத் திறந்து காட்டுகிறேன்’ என்று தானாகவே சொல்வது நல்லது. இந்திய பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசா தனி. பிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்து மண்ணிலேயே சோதிப்பார்கள். தாள்கள் சரியில்லை என்றால், உதவ வந்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

எங்கே நிற்பது? மோட்டார்வேயில் நடக்கவே தடை. எம்20 மோட்டார்வேயின் 11-வது சந்திப்பில், பெட்ரோல் பங்க்கும் கடைகளும் உள்ள இடத்தில் கேட்கலாம். ஏறும் முன் கார் நம்பரைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

ஃபெர்ரியில் கணக்கு வேறு. பயணிகளின் பெயர்ப்பட்டியல் உண்டு. செக்-இன் கவுன்ட்டரில் பெயரைச் சேர்த்து, கட்டணம் கேட்டால் லிஃப்ட் கேட்டவரே கட்டிவிட வேண்டும். கப்பல் கிளம்பியதும் எல்லோரும் காரை விட்டு மேல்தளத்துக்கு வந்தாக வேண்டும். காபி குடித்தபடி நாலு பேரிடம் பேசினால், அடுத்த லிஃப்ட் அங்கேயே கிடைத்துவிடலாம்!

பிரான்ஸில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். அடுத்த லிஃப்ட்டுக்கு நிற்க வேண்டியதும் வலப்பக்கம்தான். அதற்கு முன், ஏற்றிவந்தவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம். முகம் தெரியாத ஒருவரை நம்பி, தன் காரில் எல்லை தாண்டி அழைத்து வந்தவர் அல்லவா!