வேர் தேடும் வழி – 6: பாட்டன் பெயர் எந்தக் கட்டில்?

போன வாரம் ஸ்காட்லாந்தைப் பார்த்தோம். அங்கே 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு கட்டாயமாகப் பதிந்துவருகிறது. குடும்பப் பெயரைச் சொல்லி எடின்பரோவில் தேடினால் நாலைந்து தலைமுறை கிடைத்துவிடும்.

செங்கல்பட்டில் அந்த வித்தை பலிக்காது. முருகேசன் மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முருகேசன். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நாட்டில் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். இங்கே பிடிக்க வேண்டியது ஊரையும் சர்வே நம்பரையும்தான்.

முதல் படி, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடு. நிலத்தின் இன்றைய எண்ணும் பழைய எண்ணும் அதில் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) வேலையில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முந்தைய கைகளைப் பார்க்க, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் கேட்டுத் தாலுகா ஆபீசில் மனுப் போட வேண்டும். ஊர்க்கணக்கைப் பரம்பரையாக வைத்திருந்த கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அதனால் பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு நடை பார்ப்பது நல்லது. மாவட்டப் பிரிவினையும் நினைவிருக்கட்டும். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். உங்கள் ஊர்க் காகிதம் காஞ்சிபுரத்தில் கிடக்கலாம்.

அடுத்தது சார் பதிவாளர் அலுவலகம். பொதுவாக 1975க்குப் பிந்தைய வில்லங்கம் கணினியில் வந்துவிடும், முந்தையதற்குக் கைத்தேடல்தான். சொத்துவாரி அட்டவணை, பெயர்வாரி அட்டவணை இரண்டும் உண்டு. கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் குடும்ப வரலாற்றுக்கு உதவும். அண்ணன் தம்பி எத்தனை பேர், யார் முன்பே இறந்தவர், வீடு எந்தத் தெருவில் என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் பெரும்பாலும் இல்லாதவர்கள் பெண்கள். அத்தையின் பெயரும் அவர் வாழ்க்கைப்பட்ட ஊரும் வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரங்களைப் பாருங்கள். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட இடத்தில்தான் பல பெண்கள் ஆவணத்துக்குள் வருகிறார்கள்.

இதற்கும் பின்னே போக இந்த மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் இந்தப் பகுதியை கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். வீடுகள், குடிகள், அவர்கள் தொழில், ஏரி, நன்செய், புன்செய், மானியம் என ஊர் ஊராகக் கணக்கு எடுக்கப்பட்டது. இதன் ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊர்க்கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஓலைக்கணக்குகளை சென்னையின் ‘சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ்’ ஆய்வாளர்கள் 2001இல் நூலாகவே கொண்டுவந்தார்கள்.

கடற்கரைக்கு வேறு கணக்கு. குப்பத்து மீனவர்களில் பலருக்குப் பட்டா நிலமே இருந்ததில்லை. கோவளம் போன்ற கத்தோலிக்க ஊர்களில் அந்தக் குறையை ஞானஸ்நானப் பதிவேடு தீர்க்கும். அதில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் உண்டு. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் கல்லறைகளில் இருப்போரைத் தேடுவதும் எளிது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பு இருக்கிறது. எழும்பூரிலேயே டச்சு ஆவணங்களும் இருக்கின்றன. அந்தக் கோட்டைக்கு மூட்டை சுமந்தவரின் பேரன் தன் பாட்டனைத் தேடினால்தான் கஷ்டம்.

நிலம் உள்ளவனைச் சுற்றியே நம் ஆவணங்கள் எழுதப்பட்டன. சேரியில் பிறந்தவரின் வரலாற்றை அடுத்தவர் எழுதிய காகிதங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை வந்தது. பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் நிபந்தனைப் பட்டாவாகக் குறித்த புல எண்ணுக்கு எதிரே, முதன்முதலாகச் சொந்த நிலம் பெற்ற பாட்டன் இருக்கக்கூடும். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ அதே காலத்தில் மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளை அமைத்தார். அந்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஆக, செங்கல்பட்டுச் சேரிக் குடும்பம் ஒன்றும் போன வாரம் நாம் பார்த்த நகரத்துக்கே மனுப் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு கூட்டம் கப்பலேறியது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள மச்சம், தழும்பு. ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று எழுதிய வரிகள் அதில் ஏராளம். சொந்த ஊரின் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு பெண்ணுக்கு டர்பனில் முழு வரி இருக்கிறது. அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)