கூரை மடக்கும் காரின் பின்கண்ணாடி ஏன் சீக்கிரம் மங்குகிறது?

ஷா ஆலாம் - ஜொகூர் மாநிலத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்குச் சிறுவயது முதலே ஓர் ஆசை. கூரையை மடக்கி வைத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டே போகும் இரண்டு இருக்கைக் கார் வாங்க வேண்டும் என்பதுதான் அது. ஐந்து ஆண்டுகள் சேமித்து, 1990ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினார்.

வாங்கிய நாளில் காரின் பின்கண்ணாடி புதிதாக மாற்றப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. எட்டு மாதம் கழித்து, ஒரு மழை இரவில் நெடுஞ்சாலையில் தடம் மாறும்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. பின்னால் வந்த வாகனங்களின் விளக்கொளி பின்கண்ணாடி முழுவதும் பால் கொட்டியது போலப் பரவி நின்றது. அந்த வெளிச்சத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. ஹார்ன் சத்தம் கேட்டதால் விபத்து மயிரிழையில் தவிர்க்கப்பட்டது.

எட்டே மாதத்தில் பின்கண்ணாடியை இப்படி ஆக்கியது யார் என்று விசாரித்தபோது, அது வேறு யாருமல்ல, அவருடைய அப்பா. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளியான அவர், மகன் உழைத்து வாங்கிய காரை ஒவ்வொரு நாள் காலையிலும் பழைய கைலித் துணியால் அழுத்தித் துடைத்து வந்திருக்கிறார். "நீ கண்ணாடின்னுதானே சொன்னே, தம்பி? கண்ணாடியத் துடைக்கிற மாதிரிதான் துடைச்சேன்" என்றாராம்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அந்த இளைஞர் நம்மிடம் சொன்ன இந்தச் சம்பவத்தில்தான் பிரச்சினையின் வேரும் இருக்கிறது. நாம் அதைப் பின்கண்ணாடி என்கிறோம். ஆனால், இந்த வகைப் பழைய கார்கள் பலவற்றில் அங்கே கண்ணாடியே இல்லை. இருப்பது ஒளி ஊடுருவும் மெல்லிய நெகிழித் தாள்.

எந்தெந்தக் கார்களில் நெகிழி?

1989இல் அறிமுகமான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5இன் கித்தான் கூரையில் நெகிழிப் பின்சாளரமே இருந்தது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் சூடேற்றும் கம்பிகளுடன் கூடிய உண்மையான கண்ணாடி வந்தது. 1996இல் தயாரிக்கத் தொடங்கிய போர்ஷே பாக்ஸ்டர், 2003ஆம் ஆண்டு மாதிரியில்தான் கண்ணாடிக்கு மாறியது. 1999இல் அறிமுகமான ஹோண்டா எஸ்2000 காரும் 2002ஆம் ஆண்டு மாதிரியில் மாறியது. பிஎம்டபிள்யூ இசட்3 மட்டும் கடைசி வரை நெகிழியுடனே வந்தது. அதற்கு அடுத்து வந்த இசட்4 காரில்தான் கண்ணாடி பொருத்தப்பட்டது.

இன்று நம் நாட்டில் இரண்டாம் கைச் சந்தையில் ஓரளவு எட்டும் விலைக்கு இந்த வகைக் கார்களைத் தேடுவோர், பெரும்பாலும் நெகிழிச் சாளரம் உள்ள மாதிரிகளையே சந்திக்க நேரிடும்.

விலை உயர்ந்த காரில் ஏன் நெகிழி?

போர்ஷே போன்ற நிறுவனம்கூட ஏன் நெகிழியைப் பயன்படுத்தியது என்ற கேள்வி எழலாம். பதில் எளிது. கூரை மடங்க வேண்டும். கண்ணாடி மடங்காது.

சிறிய காரில் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடம் மிகக் குறைவு. அந்த இடத்துக்குள் கூரை சுருண்டு உட்கார வேண்டும். கண்ணாடியாக இருந்தால் அது முழுப் பலகையாகவே உள்ளே இறங்கியாக வேண்டும். அதற்கேற்பக் கூரையின் சட்டகத்தையும் மடிப்பையும் வேறு விதமாக அமைக்க வேண்டும். கண்ணாடிக்கு எடையும் அதிகம். துணியோடு அதை ஒட்டி வைப்பதும் எளிதல்ல. நெகிழித் தாள் என்றால் துணியோடு சேர்த்துத் தைத்துவிடலாம், எடை குறைவு, செலவும் குறைவு.

'நெகிழி' என்ற தமிழ்ச் சொல்லே இதை விளக்கிவிடுகிறது. நெகிழ்ந்து கொடுப்பதால் அது நெகிழி. அந்த நெகிழும் குணத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்பாடு அது கெட்டுப் போவதும் அந்தக் குணத்தை இழப்பதால்தான்.

முதல் எதிரி: வெயில்

இந்தத் தாள் பிவிசி எனப்படும் பொருளால் ஆனது. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரிக்கிறோமே, பசார் மாலாம் கடைக்காரர்கள் மழைக்குத் தொங்கவிடுகிறார்களே, அந்தத் தெளிவான பிளாஸ்டிக்கின் உறவுக்காரர்தான் இதுவும்.

பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும் அதே பிவிசிதான். அதை வளையும் தாளாக்க, எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டும் பொருளைச் சேர்க்கிறார்கள். வெயிலில் காயக் காய அந்த எண்ணெய்ப் பசை சிறிது சிறிதாக வெளியேறுகிறது. தாள் இறுகிச் சுருங்குகிறது. பிறகு ஒரு நாள் மடிக்கும்போது வெடித்துவிடுகிறது.

மஞ்சள் நிறம் வருவதற்குக் காரணம் வேறு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களும் சூடும் பிவிசியின் மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனையும் குளோரினையும் பிரித்து எடுத்துவிடுகின்றன. எஞ்சிய சங்கிலி, ஒளியில் உள்ள நீலத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. நீலம் குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள். நாளாக நாளாக அது பழுப்பாகிறது. இதைத் தடுக்க உற்பத்தியின்போதே ஒரு தடுப்புப் பொருளைக் கலப்பார்கள். ஆனால், அதுவும் காலப்போக்கில் தீர்ந்துபோகும்.

மலேசியா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 முதல் 7 பாகைக்குள் இருக்கும் நாடு. ஆண்டு முழுவதும் உச்சிவெயில்தான். குளிர்நாட்டில் இந்தத் தாளுக்குக் கோடைக்காலத்தில் மட்டும் கிடைக்கும் அடி, இங்கே பன்னிரண்டு மாதமும் கிடைக்கிறது. நமக்கு ஒரே ஓர் ஆறுதல், பனிக்காலம் இல்லை என்பது. கடுங்குளிரில் விறைத்துப்போன தாளை மடித்தால் அது உடைந்துவிடும். அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

இரண்டாவது எதிரி: மடிப்பு

ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடிக்கப்படும் எதுவும் அங்கேதான் முதலில் கிழியும். கூரையை இறக்கி, வெயிலில் சூடான நிலையில் நாள்கணக்கில் விட்டுவிட்டால் மடிப்புத் தடம் அப்படியே பதிந்துவிடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் இன்னும் மோசம். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே சிக்கிய மண்துகள் இரண்டு பக்கங்களையும் உரசிக் கீறும்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பின்சாளரத்தைச் சுற்றி ஒரு ஜிப் உண்டு. கூரையை இறக்கும் முன் அந்த ஜிப்பைத் திறந்து, சாளரத்தை மடிக்காமல் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். அரை நிமிட வேலை. அவசரத்தில் பலர் இதைச் செய்வதில்லை.

பாக்ஸ்டர் காரில் விசையை அழுத்தினால் கூரை தானாக இறங்கும். ஆனால் சாளரம் கோணல்மாணலாக மடங்கும். அதனால் அதன் உரிமையாளர்கள், கூரை பாதி இறங்கியதும் நிறுத்தி, கராத்தே வீரர் போல உள்ளங்கை ஓரத்தால் தாளின் நடுவில் மெதுவாக அழுத்தி, மடிப்பைச் சீராக்கிவிட்டுப் பிறகு முழுவதும் இறக்குவது வழக்கம். மடிப்புக்கு நடுவே ஒரு மென்மையான துண்டை வைப்போரும் உண்டு. துண்டு இருந்தால் மடிப்பு கூர்மையாக விழாமல் உருண்டையாக விழும்.

மூன்றாவது எதிரி: நம் கை

வெயிலையும் மடிப்பையும் விடச் சீக்கிரமாகச் சாளரத்தைக் கெடுப்பது துடைக்கும் கைதான். காரில் படியும் தூசியில் நுண்ணிய மணல் இருக்கிறது. அது இந்த நெகிழியைவிடப் பல மடங்கு கடினமானது. காய்ந்த துணியால் துடைக்கும்போது, மணல் காகிதத்தால் தேய்ப்பதைத்தான் நாம் செய்கிறோம். கண்ணாடி அதைத் தாங்கிக்கொள்ளும். நெகிழி தாங்காது.

பகலில் அந்தக் கீறல்கள் தெரியாது. இரவில் பின்வாகன விளக்கு பட்டதும் ஒவ்வொரு கீறலும் ஒளியைச் சிதறடிக்கும். ஆயிரக்கணக்கான கீறல்கள் சேர்ந்தால் அது வெண்புகைத் திரை. அந்த இளைஞர் மழை இரவில் பார்த்தது அதைத்தான்.

துடைக்கப் பயன்படுத்தும் மருந்துகளும் ஆபத்தானவை. வீட்டுக் கண்ணாடிக்குத் தெளிக்கும் அமோனியா கலந்த திரவம், ஸ்பிரிட், தின்னர், மண்ணெண்ணெய் ஆகிய எதுவும் கூடாது. அவை மேற்பரப்பை மங்கச் செய்யும், அல்லது மென்மையூட்டும் பொருளை உறிஞ்சி வெளியேற்றும். டீட் கலந்த கொசு விரட்டியைப் பூசிய கையோடு தொட்டால்கூட நெகிழியில் தடம் விழும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

இதற்கு ஒரே கணக்குச் சொல்ல முடியாது. கூரையுள்ள இடத்தில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மடிப்பைக் கவனித்தால் நல்ல தாள் பல ஆண்டுகள் தெளிவாக இருக்கும். திறந்தவெளியில் நிறுத்தித் தினமும் காய்ந்த துணியால் துடைத்தால், மேலே பார்த்தது போல, மாதங்களிலேயே மங்கிவிடும்.

செய்ய வேண்டியவை இவைதான்:

முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட வேண்டும். பிறகு மிதமான சோப்பு நீரில் கையாலோ சுத்தமான மைக்ரோஃபைபர் துணியாலோ அழுத்தாமல் ஒரே திசையில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. மீண்டும் தண்ணீர் ஊற்றி, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே கூரையை மடக்க வேண்டும். வெயிலில் நிறுத்த வேண்டியிருந்தால் ஓர் உறை போடுவது நல்லது. ஆனால், தூசி படிந்த கார் மீது உறையை இழுத்துப் போட்டால் அதுவும் கீறும்.

மங்கிவிட்டால் என்ன செய்வது?

மெல்லிய கீறலாக இருந்தால், தெளிவான நெகிழிக்கென்றே விற்கப்படும் மெருகுப் பசையால் ஓரளவு சரிசெய்யலாம். வெளிப்பக்கத்தை மட்டுமல்லாமல் உள்பக்கத்தையும் மெருகிட வேண்டும். உள்ளே வரை மஞ்சளாகிவிட்டது, இறுகிவிட்டது, வெடித்துவிட்டது என்றால் மெருகு உதவாது. மாற்றத்தான் வேண்டும்.

அதற்காக முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. கித்தான் நல்ல நிலையில் இருந்தால், கார் இருக்கை தைக்கும் குஷன் கடைகளில் அனுபவமுள்ளவர்கள் சாளரத்தை மட்டும் பிரித்துப் புதிய தாள் வைத்துத் தைத்துத் தருவார்கள். எம்எக்ஸ்-5, இசட்3 போன்ற ஜிப் வைத்த கார்களில் வேலை இன்னும் எளிது.

இங்கே ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன தாள் போடப் போகிறார்கள்? மேசை விரிப்புக்கான மலிவான சுருள் தாளைப் போட்டால், அதன் வழியாகப் பார்க்கும்போது பின்னால் வரும் கார் அலைபோல வளைந்து தெரியும். அதில் வெயில் தடுப்பும் இருக்காது. படகுகளின் சாளரத்துக்குப் பயன்படும், புற ஊதாக் கதிர் தடுப்புள்ள, அழுத்தி மெருகிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அது சுருளாக வராது, தட்டைப் பலகையாக வரும். பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

சில கார்களுக்குக் கண்ணாடி வைத்த மாற்றுக் கூரையும் கிடைக்கிறது. செலவு அதிகம் என்றாலும் கீறல் கவலை இல்லை. ஆனால் கண்ணாடிக்கும் ஒரு பலவீனம் உண்டு. துணியோடு ஒட்டிய பசை பழசாகும்போது ஓரம் பிரிந்து தண்ணீர் ஒழுகும். வாங்கும்போது அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

வாங்குவதற்கு முன்

இப்படிப்பட்ட காரை வாங்க நினைக்கும் இளைஞர்கள், இயந்திரத்தைப் பார்ப்பது போலவே பின்சாளரத்தையும் பார்க்க வேண்டும். பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. இரவில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நண்பரைப் பின்னால் மோட்டார் சைக்கிளில் விளக்குடன் நிற்கச் சொல்லிப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கூரையை ஒருமுறை முழுவதும் இறக்கி ஏற்றச் சொல்லி, மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மாற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசவும் இது உதவும்.

எல்லாருக்கும் பொருந்தும் பாடம்

எங்களுக்கு மைவியும் மோட்டார் சைக்கிளும்தான், கூரை மடக்கும் கார் எதற்கு என்று கேட்கும் வாசகர்களுக்கும் இதில் செய்தி உண்டு. இன்றைய கார்களின் முகப்பு விளக்கு மூடியும், தலைக்கவசத்தின் முகத்திரையும் கண்ணாடி அல்ல. அவை பாலிகார்பனேட் என்னும் வேறு வகை நெகிழி. இது கடினமானது, எளிதில் உடையாது. ஆனாலும் வெயிலும் கீறலும் இதற்கும் எதிரிகளே. மேலே பூசிய காப்புப் படலம் வெயிலில் தேய்ந்ததும் விளக்கு மஞ்சளாகிறது. பற்பசையால் தேய்த்தால் கொஞ்ச நாள் பளிச்சிடும். ஆனால் காப்புப் படலம் போய்விட்டதால் மீண்டும் மஞ்சளாகும். மெருகிட்ட பிறகு வெயில் தடுப்புப் பூச்சு ஒன்றைப் பூசினால்தான் பலன் நீடிக்கும்.

தலைக்கவசத்தின் முகத்திரையைச் சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கைலித் துணி செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது. இன்றிரவு முகத்திரையைத் தெருவிளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டம் தெரிந்தால், அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அந்த இளைஞர் இப்போது புதிய சாளரம் போட்டுவிட்டார். அப்பாவைத் திட்டவில்லை. காலையில் கார் கழுவும் வேலையும் இன்னும் அப்பாவிடமே இருக்கிறது. ரப்பர் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, தூசி முழுவதும் இறங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் கையை வைக்கிறாராம்.