ஏசலுக்கு எது பதில்?

தேர்தல் நெருங்கிவிட்டால் ராயபுரம் கல்மண்டபத்துத் தேநீர்க் கடை பாதி சட்டமன்றமாகிவிடும். ஒருவர் ஏட்டை விரித்து உரக்கப் படிப்பார். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்தவரும், காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து வந்தவரும் சுற்றி நின்று கேட்பார்கள். நம் வேட்பாளரைப் பாராட்டி நாலு வரி இருந்தால் முகம் மலரும். இழித்தும் பழித்தும் எழுதியிருந்தாலோ கிளாசைக் கீழே வைக்கும் ஓசையே வேறாக இருக்கும். "என்ன எழுதினாலும் கேட்பாரில்லையா? இவனைப் பிடித்து உள்ளே போட வேண்டாமா?" என்று இளந்தோழர் ஒருவர் பொங்குவார்.

அந்தத் தோழரின் சினம் போலிச் சினம் அல்ல. கொடி கட்டியவனுக்கு, சுவரில் சின்னம் வரைந்தவனுக்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓட்டுக் கேட்கப் போனவனுக்கு, தலைவன்மீது விழும் சொல் தன்மீதே விழுந்ததுபோல் சுடும். சுடட்டும். சுட்டபின் என்ன செய்வது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. ஏசப்பட்ட வேட்பாளர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். நாளை அதிகாரம் அவர் கைக்கு வந்தால் அதை யார்மீது எப்படி வீசுவார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

தொலைதூரம் போக வேண்டாம். பக்கத்திலிருக்கும் திருவொற்றியூரையே எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் மாதம். சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் அனல் பறந்த நேரம். ஆயிரம் விளக்குத் தொகுதியில் பேசிய தி.மு.க. துணைப் பொதுச் செயலாளர் ஆ. இராசா, தம் தலைவர் வளர்ந்த வழியையும் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பதவிக்கு வந்த வழியையும் ஒப்பிட வந்தார். வந்தவர், பிறப்பை வைத்து உவமை சொல்லிவிட்டார். முதலமைச்சரைப் பெற்ற தாயை இழிவுபடுத்தும் பேச்சு என்று கண்டனம் கிளம்பிற்று. மார்ச் 28ஆம் நாள் திருவொற்றியூருக்கு ஓட்டுக் கேட்க வந்த பழனிசாமி, மறைந்த தம் தாயைப் பற்றிப் பேசுகையில் நா தழுதழுத்தார். முதலமைச்சரின் தாய்க்கே இந்த நிலை என்றால் எளியவர் வீட்டுப் பெண்களின் நிலை என்ன என்று மக்களைக் கேட்டார்.

திரித்துப் பொருள் கொண்டுவிட்டார்கள் என்று முதலில் விளக்கம் சொன்ன இராசா, மறுநாள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கண்ணியம் காக்கும்படி மு.க. ஸ்டாலினும் தம் கட்சியினருக்கு அறிவுறுத்தினார். அ.தி.மு.க.வின் புகாரை ஆராய்ந்த தேர்தல் ஆணையம், ஏப்ரல் 1ஆம் நாள், 48 மணி நேரம் இராசா பிரசாரம் செய்யக் கூடாது என்று தடை போட்டு, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை நீக்கிற்று.

மே 2ஆம் நாள் ஓட்டு எண்ணியபோது திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் தி.மு.க. வென்றது. "பார்த்தீர்களா, ஏசினாலும் ஓட்டு விழத்தான் செய்கிறது" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். விலைவாசிக்கு ஓட்டு விழுந்திருக்கலாம், வேலையின்மைக்கு விழுந்திருக்கலாம், பத்தாண்டு ஆட்சி மாறட்டும் என்று விழுந்திருக்கலாம். ஒரு தாயைப் பழித்தார்கள், ஆகவே ஓட்டுப் போடுவோம் என்று இந்தக் கடற்கரையில் எந்த வீட்டிலும் முடிவெடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சு வெற்றிக்கு உதவவில்லை. வெற்றி பெற்ற கட்சியை மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத்தான் கொண்டுபோய் நிறுத்திற்று.

இதை ராயபுரத்தில் நின்று சொல்வதற்குத் தனி உரிமை உண்டு. 1949 செப்டம்பர் 18ஆம் நாள், கொட்டும் மழையில், இங்கே ராபின்சன் பூங்காவில்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. அந்தப் பூங்காவைத் தாய்வீடாகக் கொண்டாடும் கட்சி இன்று ஒன்றல்ல. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா சொல்லிக் கொடுத்த மூன்றையும் அவர்கள் அனைவரும்தான் மேடைதோறும் முழங்குகிறார்கள். கடமைக்கு ஆள் இருக்கிறது, கட்டுப்பாட்டுக்கும் ஆள் இருக்கிறது. மைக்கைப் பிடித்தவுடன் நடுவில் இருக்கும் கண்ணியத்தை மட்டும் விழுங்கிவிட்டால் மிச்சம் எதற்கு?

அண்ணாவைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. காஞ்சிபுரம் தேர்தல் களத்தில் மாற்றார் அவரையும் அவர் பிறப்பையும் இழிவாக எழுதிப் பலகை வைத்தார்களாம். தோழர்கள் கொதித்தார்கள். பலகையைப் பிடுங்கவா, எழுதியவனைத் தேடவா என்று துடித்தார்கள். அண்ணா என்ன செய்தார்? பகலில் படிக்கிறார்கள், இரவில் வருகிறவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்டு, பலகைக்கு அருகே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வைக்கச் சொன்னாராம். எழுதியவனின் இழிவை ஊரே வெளிச்சத்தில் பார்த்தது. அதற்குமேல் ஒரு மறுப்பறிக்கை தேவைப்படுமா?

விளக்கு வைக்க நெஞ்சுரம் வேண்டும். அது இல்லாதவர்கள் விலங்கைத் தேடுவார்கள். 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து ஒரு சித்திரம் வெளியிட்டதற்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்தது; சில நாட்களில் அவரை வெளியே விட வேண்டியதாயிற்று. அந்தக் கேலிச்சித்திரத்தை முதல் நாள் பார்த்தவர் எத்தனை பேரோ, கைதுக்குப் பின் பார்த்தவர் அதனினும் பலர்.

2011 முதல் 2016 வரை, ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த காலத்தில், தமிழக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 213 என்று உச்ச நீதிமன்றத்தில் பட்டியல் வைக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள்மீது வழக்கு, ஏடுகள்மீது வழக்கு, ஆட்சியைக் குறை கூறிய மேடைப் பேச்சின்மீது வழக்கு! பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2016இல் சொல்ல நேர்ந்தது. 2021இல் வந்த தி.மு.க. அரசு, பத்திரிகையாளர்கள்மீது இருந்த 90 அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. நல்ல செயல், பாராட்டலாம். ஆனால் அதே ஆட்சியில், 2024 மே மாதம், யூடியூப் நேர்காணலில் பெண் காவலர்களை இழிவாகப் பேசிய சவுக்கு சங்கர் கைதானபோது, வழக்குகளோடு நிற்காமல் குண்டர் சட்டமும் சேர்ந்து பாய்ந்தது. ஆகஸ்ட் 9ஆம் நாள் அந்தத் தடுப்புக் காவலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் பேசியது இழிபேச்சுத்தான், ஐயமில்லை. இழிபேச்சுக்கு வழக்கு இருக்கிறது, விசாரணை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. விசாரணைக்கு முன்னரே ஆளை அடைத்து வைக்கும் சட்டம் எதற்கு?

எல்லாம் பேசலாம் என்றா சொல்கிறோம்? இல்லை. மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வேட்பாளரின் பொதுச் செயலைப் பற்றிய விமர்சனம். சாலை போடவில்லை, கணக்குக் காட்டவில்லை, கட்சி மாறினார் என்பன. இது எவ்வளவு கசந்தாலும் கேட்டே தீர வேண்டும். அமெரிக்காவில் மான்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவன், 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் வந்த ஒரு விளம்பரத்தில் சில தவறுகள் இருந்தன என்று வழக்குப் போட்டு 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். 1964இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பொய் என்று தெரிந்தே எழுதினான், அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினான் என்று மெய்ப்பித்தாலன்றிப் பொது அதிகாரி இழப்பீடு கேட்க முடியாது என்றது. நம் நாட்டில் 1994இல் 'நக்கீரன்' ஏட்டின் வழக்கில், சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வரலாற்றை வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது, நம் உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இதே வழியில் நின்றது. வெளியிடும் முன்பே வாயை அடைக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றும் தீர்ப்பளித்தது.

இரண்டு, தெரிந்தே கட்டிய பொய். லஞ்சம் வாங்காதவரை வாங்கினார் என்பது, கொலை செய்யாதவரைக் கொலைகாரர் என்பது. இதற்கு ஆதாரத்தோடு மறுப்பு. அதற்கும் அடங்காவிட்டால் நீதிமன்றம். அவதூறு குற்றமே என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதையின் 356ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறை சொல்கிறது. சிறைக்குப் பதில் சமூகப் பணி என்ற வழியையும் சொல்கிறது. வேட்பாளர் தம் பெயரில், தம் செலவில் வழக்காடட்டும். அரசாங்கத்தின் வழக்கறிஞரையும் போலீசையும் ஏவல் ஆளாக்கக் கூடாது.

மூன்று, பிறப்பையும் சாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுத்துப் பேசும் வசை. இதை முதலில் அடக்க வேண்டியது போலீசா? அல்ல. பேசியவனின் கட்சி! கைதட்டுபவர் நாம், கைதட்டு நின்றால் அந்தப் பேச்சும் நிற்கும். மாற்றான் நம் தலைவரை ஏசினால் மறியல், நம்மவர் மாற்றானின் தாயை ஏசினால் மாலை என்றால், நமக்குப் பெயர் கொள்கையாளர் அல்ல, கோஷ்டி.

தொழிலாளத் தோழர்களுக்கு இன்னொன்று. நாளை எண்ணூர் ஆலை வாயிலில் கூட்டம் போடுவீர்கள். கூலி பிடித்தம் செய்த நிர்வாகத்தைக் கண்டித்து நோட்டீஸ் அடிப்பீர்கள். அதில் ஒரு சொல் காரமாக விழும். இன்று மாற்றுக் கட்சிக்காரன்மீது பாயட்டும் என்று நீங்கள் கைகாட்டிய அதே சட்டம், அன்று உங்கள் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டும். முதலாளிக்கு வழக்கறிஞர் உண்டு, ஏடு உண்டு, பணம் உண்டு. கூலிக்காரனுக்கு இருப்பது வாய் ஒன்றுதான். அந்த வாய்க்குப் பூட்டுப் போட நாமே சாவி செய்து கொடுக்கலாமா?

ஆகவே, கல்மண்டபத்துக் கடையில் பொங்கிய இளந்தோழரே, ஏட்டைக் கிழிக்க வேண்டாம். நம் வேட்பாளரைப் பற்றி எழுதியது பொய்யென்றால் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். உண்மையென்றால் முதலில் வேட்பாளரிடமே போய்க் கேளுங்கள். வெறும் வசையென்றால், பக்கத்தில் ஒரு விளக்கை வைத்துவிட்டு ஓட்டுக் கேட்கப் புறப்படுங்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும், எவன் எழுதினான் என்பதையும் சேர்த்தே படிக்கட்டும்.