காற்றை உண்ணும் விலங்குகள்

பொறிக்கு உயிர்வடிவு கொடுப்பது தமிழருக்குப் புதுமையன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி, கருவுற்ற விசயையைப் பகைவரிடமிருந்து காத்துச் சுடுகாட்டில் இறக்கிற்று. உதயணன் கதையிலோ, பிரச்சோதனன் விடுத்த பொறியானை வயிற்றுள் வீரரை மறைத்துச் சென்று அவனைச் சிறைப்படுத்திற்று. ஒன்று காத்தது, மற்றொன்று வஞ்சித்தது. எனினும் இரண்டும் ஏட்டில் நின்ற கற்பனைகளே.

1948இல் பிறந்து பௌதிகம் பயின்ற ஒல்லாந்துக் கலைஞர் தியோ யான்சன், 1990ஆம் ஆண்டு முதல் அத்தகைய விலங்குகளைக் கடற்கரை மணலில் மெய்யாகவே நடமாட விட்டு வருகிறார். மின்கம்பி செலுத்தும் பிளாஸ்டிக் குழாய்களே அவற்றின் எலும்பு, காற்றே உணவு. ஒவ்வொரு காலும் 11 அளவுகளின் விகிதத்தால் ஆனது. அவ்விகிதத்தைக் கணினியின் துணைகொண்டு தேர்ந்தார். அச்சு வட்டமாகச் சுழல, பாதமோ தரையில் நேர்க்கோடாகப் பெயர்கிறது. ஆதலின் உடல் குலுங்குவதில்லை. சில விலங்குகள் போத்தல்களில் காற்றை அடைத்துவைத்து, வெளிக்காற்று ஓய்ந்தபின்னும் நடக்கும். நீரை உணர்ந்தால் பின்வாங்கும்.

பொறியானை தன் பொறியை மறைத்தது, இவை மறைப்பதில்லை. மூட்டும் கோலும் கண்ணெதிரே அசைய, நடை என்பது யாதென நாம் கற்கிறோம். கலை வஞ்சனையினின்று நீங்கி அறிவாகும் இடம் இதுவே.

முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற நம் கொண்டச்சிக் கரையிலும் மணலுண்டு, சோளகக் காற்றுண்டு. குழாயோ கடைகளிற் கிடைக்கும். ஒரு பள்ளியின் மாணவர் கூடி ஒற்றைக் காலேனும் செய்து பார்த்தால், பௌதிகமும் சிற்பமும் ஒரே பாடமாகிவிடும் அன்றோ?