மான் கூட்டமும் பிணைகளின் தொகையும்

நெல்லையும் மரக்கறியையும் மேயும் மான்களுள் கொம்புடைய கலைமானை வீழ்த்தினால் தொல்லை தீருமெனக் கமக்காரர் பலர் கருதுகின்றனர். அது தவறாகும். ஒரு கலை பல பிணைகளோடு கூடுமாதலால், கலைகள் சில அழியினும் அடுத்த ஆண்டிற் பிறக்குங் கன்றுகள் குறையா. கொம்பை விரும்பிச் சுடுவோர்க்கு இக்கணக்கு உவப்பானதன்று.

ஸ்கொத்லாந்தின் றம் தீவில் இது நன்கு புலப்பட்டது. அத்தீவு 1957இல் இயற்கைக் காப்பிடமாயிற்று. பின்னர், வளர்ந்த செம்மான்களில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கை, பிணையுங் கலையுமாகத் தெரிந்து ஆண்டுதோறுஞ் சுட்டனர். 1970களின் தொடக்கத்தில் வடபகுதியில் மட்டும் சுடுதல் நிறுத்தப்பட்டது. ஏறக்குறையப் பத்தாண்டுகளில் அங்கே பிணைகள் இருமடங்குக்கு மேலாயின. உணவு பற்றாமையாற் கன்றுகள், சிறப்பாக ஆண்கன்றுகள், மடிந்தன, கலைகள் அருகின.

இலங்கையில் மானையும் மரையையும் வேட்டையாடுதல் சட்டப்படி குற்றமாகும். கட்டுத்துவக்கோ மானையும் மனிதனையும் பிரித்தறியாது. ஆகவே, நமக்குரிய வழி வேலியே. புள்ளிமான் வேலியைத் தாண்டுவதிலும் அதனடியால் நுழைவதையே விரும்பும். உயரத்தைக் கூட்டுமுன் அடிக்கம்பியை நிலத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டுக. மழைநீர் அரித்த பள்ளங்களை முட்கிளையால் அடைத்திடுக.